நட்சத்திரக் கேள்வி

கால் மேல் கால் போடக் கூடாது, முன்னால் இருக்கும் கட்டையில் சாயக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, தூங்கக் கூடாது, எழுதக் கூடாது என்று வாசலில் நின்ற வெள்ளை உடுப்புக்காரர் இந்தியில் அடுக்கியதைக் கிட்டுசாமி அண்ணன் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே படியேறினார். தையல்நாயகிக்கு அதில் ஒன்றும் புதிதாகப் படவில்லை; பிறந்ததிலிருந்து அவள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையை வெளியே விட்டுவிட்டு வா என்றதுதான் இடித்தது. ஏழு மாதப் பிள்ளை பார்லிமெண்டை என்ன செய்துவிடும், அழும், அவ்வளவுதானே, கீழே கூடத்தில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுந்து கத்துகிறார்களே, இவர்களை யாரும் வாசலில் நிறுத்தவில்லையே. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜெபமணி அக்கா புல்தரையில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் பூங்கோதையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஏட்டி, நீ போ. பிள்ள அழுதா நானும் சேந்து அழுதுக்கிடுதேன்" என்று விரட்டினாள். பத்தரைக்குப் பால் கொடுத்தது. பன்னிரண்டு வரைக்கும் தாங்குமா, பிள்ளை தாங்கினாலும் இது தாங்குமா என்று தையல்நாயகி முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். மாடத்திலிருந்து பார்த்தால் கீழே மனிதர்கள் இல்லை, தலைகள்தான்: வழுக்கை, குல்லாய், தலைப்பாகை, எண்ணெய் வழித்து வாரிய தலை. அதில் எம்.பி. ஐயாவின் தலை எது என்று தேடினாள். கிட்டுசாமி அண்ணன் கண்ணாலேயே காட்டினார். நடு உச்சியில் சின்னதாக ஒரு சொட்டை. அதுதான். அந்தச் சொட்டைதான் இன்றைக்கு அவளுக்காக எழுந்து நிற்கப் போகிறது.

கடிகாரம் பதினொன்று ஐந்து. பன்னிரண்டு அடித்தால் கேள்வி நேரம் முடிந்துவிடும், அதற்குள் நம் நம்பர் வந்துவிட வேண்டும், வராவிட்டால் மந்திரி எழுந்திருக்க மாட்டார், காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள், திருப்பிக் கேட்க முடியாது என்று எம்.பி. ஐயாவின் உதவியாளரான கிட்டுசாமி அண்ணன் பஸ்ஸில் வரும்போதே சொல்லியிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். "நட்சத்திரம் போட்ட கேள்விக்குத்தானுங்க அம்மணி வாயால பதில் சொல்லோணும். நம்முளுது நட்சத்திரக் கேள்வி. முந்நூத்து நாப்பத்தெட்டு. காதைத் தீட்டி வெச்சுக்கோங்க." அவள் ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எண்கள் ரேஷன் கடை வரிசையில் நின்று நின்று காதுக்குப் பழகியவை. த்ரீ ஃபார்ட்டி எய்ட். கீழே உயரமான நாற்காலியில் இருந்த சபாநாயகர் த்ரீ ஃபார்ட்டி ஒன் என்றார். ஏழு இருக்கிறது. ஏழு என்றால் வரிசையில் அவளுக்கு முன்னால் ஏழு பேர், மண்ணெண்ணெய் தீராமல் இருந்தால் கிடைத்துவிடும். மண்ணெண்ணெய் என்று நினைத்த மாத்திரத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து கெரசின், கெரசின் என்றார். தையல்நாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது, நம் மனசில் இருப்பது அங்கே எப்படிக் கேட்டது. எல்லையில் சண்டை ஆரம்பித்து ஒன்றரை மாதமாக டெல்லியில் மண்ணெண்ணெய்க்கு அடிதடி, அதைத்தான் கேட்கிறார். அப்படியானால் இங்கே இருப்பவர்களும் அடுப்பு எரிகிறதா என்று கேட்கத்தான் எழுந்து நிற்கிறார்கள். அவளுக்கு அது கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது.

த்ரீ ஃபார்ட்டி டூ, விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமல் ஜன்னலுக்கு ஒட்டும் நீலக் காகிதம் பற்றி. கிட்டுசாமி அண்ணன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அவ்வப்போது ஒரு வரி சொல்வார், வெள்ளை உடுப்புக்காரர் திரும்பினால் இருமுவார். நீலக் காகிதத்தை அவர்தான் ஒட்டினார். அவர் என்றால் அவர், பூங்கோதையின் அப்பா. கன்டோன்மெண்டில் அந்த ஒற்றை அறைக்கு ஒரே ஜன்னல், நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு பசைக்கிண்ணத்தைக் கேட்டார், பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அவள் நீட்டினாள், பிள்ளை பசையில் கையை விட்டது, "அப்பனுக்கு ஒத்தாசை பண்றியா" என்று சிரித்தார். மறுநாள் காலை லாரிகளோடு போய்விட்டார். அவர் ராணுவத்தில் லாரி டிரைவர். சுடத் தெரியுமே தவிர சுடப் போகிறவர் இல்லை, ரொட்டியும் மருந்தும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறவர், அவரை யார் என்ன செய்யப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் இல்லை. ஏதோ ஓர் ஆற்றுப் பாலத்தின் மேல் லாரிகள் போகும்போது குண்டு விழுந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள், ஆற்றின் பெயரைச் சொல்லவில்லை. ஜெபமணி அக்காவின் வீட்டுக்காரர் ஆபீசில் விசாரித்தார், விசாரிக்கிறோம் என்றார்கள். விசாரிக்கிறோம் என்பது என்ன பதில். இருக்கிறார் என்றால் ஒன்று, இல்லை என்றால், சீ. கீழே எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஊரில் விமானம் வருகிறது என்று சங்கு ஊதினால் ஜனங்கள் மில் சங்கு என்று நினைத்துச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்களாம். தையல்நாயகிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் பயமாகிவிட்டது, சிரிக்கக் கூடாது என்றாரே என்று அந்த வெள்ளை உடுப்பைப் பார்த்தாள். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று இருபத்தைந்து, த்ரீ ஃபார்ட்டி த்ரீ. ராணுவத்துக்குப் பெண்கள் பின்னிக் கொடுத்த கம்பளிக் காலுறை எங்கே போயிற்று என்று கேள்வி. மந்திரி ஏதோ சொல்ல, இன்னொருவர் எழுந்து, இன்னொருவர் எழுந்து, காலுறை வளர்ந்துகொண்டே போனது. சீக்கிரம் விடுங்களேன் ஐயா, காலுறையை அப்புறம் பேசலாமே. அவளும் ஒரு ஜோடி பின்னினாள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வந்துவிட்டது. அந்தச் சின்னதை எந்தக் காலில் போட்டிருப்பார்? மனசு அந்தக் காலையே பிடித்துக்கொண்டது, கட்டைவிரல் நகம் கறுத்த கால், பிரேக்கை மிதித்து மிதித்துத் தோல் தடித்த பாதம். கேட்கலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து வாயில் வைத்திருந்ததைக் கடைசியில் கேட்டாள். "அண்ணே, அவங்க பேரும் அந்தக் காகிதத்துல இருக்குதாண்ணே?" "இல்லாமப் போகுங்களா? பாலத்து மேல போன நம்மூர்ப் பசங்க அஞ்சு பேர்த்தையும் போட்டிருக்குதுங்க. உங்க வீட்டுக்காரர்தான் அஞ்சாவது. டிரைவர் சதயம்."

சதயம். அவள் அவரைப் பார்த்தாள். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். சதயம் அவள் வீட்டுக்காரருடைய பிறந்த நட்சத்திரம். அன்றைக்கு எம்.பி. ஐயா வீட்டு வராந்தாவில் இவர் காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு, நட்சத்திரக் கேள்வியாகப் போட்டுவிடலாம், நட்சத்திரம் இருந்தால்தான் மதிப்பு என்று என்னென்னவோ சொல்லிவிட்டு, "பேரு?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு "சதயம்" என்றாள். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது அப்படித்தான் சொல்வாள். குருக்களுக்குத் தெரியும், கட்டிக்கொண்டவள் வாயிலிருந்து நட்சத்திரம்தான் வரும், பெயரைக் கூட வந்தவர்கள் சொல்வார்கள். அன்றைக்குக் கூட யாரும் இல்லை. ஜெபமணி அக்கா வாசல் குழாயில் பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் எழுதிக்கொண்டு போய்விட்டார், டைப் அடித்துவிட்டார்கள், அச்சடித்துவிட்டார்கள், பெரிய ஆபீசில் பெரிய புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சதயம், சதயம் என்று தேடியிருப்பார்கள். அப்படி ஒருத்தர் உலகத்திலேயே இல்லை. இல்லாதவரைப் பற்றி மந்திரி எழுந்து இல்லை என்று சொல்வார். அந்த இல்லை அவர் மேலேயே ஒட்டிக்கொள்ளுமே. மார்பு நெருப்பாகக் கனத்தது. "அது பேரில்லண்ணே." "என்னங்க?" "அது பேரில்ல. நச்சத்திரம்." கிட்டுசாமி அண்ணனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டு வந்தது. "அய்யோ அம்மணி! அப்பப் பேரு என்னுங்க?"

த்ரீ ஃபார்ட்டி ஃபோர். பேரு என்னுங்க. அது என்ன கேள்வி. மூன்று வருஷமாகச் சொல்லாத பெயர். சொன்னால் ஆயுசு குறையும் என்று அம்மா மாங்கல்யத்தில் மஞ்சள் தடவிக் கொடுக்கும்போது சொன்னது. மேலத்தெரு காசியம்மாள் சண்டையில் புருஷன் பெயரைச் சொல்லித் திட்டினாள், எட்டாம் நாள் அவர் போய்விட்டார். அவர் ஆறு மாதமாக இருமிக்கொண்டிருந்தவர்தான், ஆனாலும் எட்டாம் நாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தபோது நர்ஸ் கேட்டாள், ஜெபமணி அக்கா சொன்னாள். கடிதத்துக்கு உள்ளே அவள் எழுதுவாள், வெளியே பெயரும் விலாசமும் அக்கா எழுதுவாள். "எங்க வீட்டுக்காரர் பேர நான் தினம் ஜெபத்துல சொல்லுதேன். மனுஷன் எருமக்கடா மாதிரி இருக்காரு. நீ என்னட்டி இப்பிடிப் பொத்திப் பொத்தி வைக்கே" என்று கேலி பண்ணுவாள். பொத்தித்தான் வைத்திருந்தாள். இத்தனை நாள் குண்டுக்கு நடுவில் அவர் லாரி ஓட்டினாரே, அது நான் பொத்தி வைத்ததால்தானோ என்னவோ, யார் கண்டது. இப்போது, செத்தவர்களையும் காணாமல் போனவர்களையும் எண்ணிச் சொல்கிற இந்த இடத்தில், வாயைத் திறந்து அதைச் சொல்வதா. "எங்க ஊர்ச் சாமி பேருண்ணே" என்றாள். "எந்த ஊருங்க?" "ஆலங்குடி." "ஆலங்குடின்னா... குருவுங்களா? தட்சிணாமூர்த்தி?" "அவரு செவுத்துல இருக்கறவரு. இவரு உள்ள இருக்கறவரு." "அம்மணி, எங்க கட்சியில சாமி கும்புடறதில்லீங்க. எனக்கு உள்ள இருக்கறவரையும் தெரியாது, வெளிய இருக்கறவரையும் தெரியாது!" வெள்ளை உடுப்புக்காரர் உஷ் என்றார். கிட்டுசாமி அண்ணன் இருமினார். அவள் விரலால் பெஞ்சுக் கட்டையில் ஆ போட்டாள். அவருக்கு அது ஏதோ கோலம்போலத் தெரிந்திருக்கும், உதட்டைப் பிதுக்கினார். "பாதிப் பேரு கஷ்டம்ணே. மீதிப் பேரு ஒத்தாசை." "கஷ்டம்... ஒத்தாசை... அப்படி ஒரு பேருங்களா?" "கஷ்டம்னா, திடுதிப்புன்னு உங்களுக்கு ஒண்ணு வந்துட்டா..." "வந்துருச்சுங்க! இப்ப எனக்கு வந்திருக்கறது அதுதானுங்க! மணியப் பாருங்க!"

மணி பதினொன்று நாற்பத்திரண்டு. த்ரீ ஃபார்ட்டி ஃபைவ். ஒரு தடவைக்கு ஒரு நாள் குறையுமா, ஒரு வருஷம் குறையுமா. எவ்வளவு என்று அம்மா சொல்லவில்லையே. ஒரு வருஷம் என்றாலும் இருக்கிறவருக்குத்தானே குறையும், இருந்தால்தானே குறையும். என் ஆயுசில் எடுத்துக்கொள், உள்ளே இருக்கிறவரே, உன் பெயரைத்தானே சொல்கிறேன், உன்னைக் கூப்பிடுகிறேன் என்று வைத்துக்கொள், அவரைக் கூப்பிடவில்லை, உன்னைத்தான். தையல்நாயகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அந்த மூடலுக்குள்ளேயே சொன்னாள். பழக்கமில்லாத நாக்கு, பாதியில் தடுக்கியது, ஆபச்சாயம் என்று உருண்டு வந்தது. "ஆருங்க?" முந்தானையை எடுத்துவிட்டாள். "ஆபத்சகாயம்." அவ்வளவுதான். கூரை இடியவில்லை. கிட்டுசாமி அண்ணன் படி இரண்டிரண்டாகத் தாவி வெளியே ஓடினார், சீட்டு எழுதி எம்.பி. ஐயாவுக்குக் கொடுத்தனுப்ப. பெஞ்சில் அவள் தனியாக இருந்தாள். பெயர் இன்னும் வாயில் இருந்தது, கற்கண்டு மாதிரி ஒரு ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்போல. அடுத்த நொடியே, சொல்லிவிட்டோமே, சொல்லிவிட்டோமே என்று காது இரண்டும் இரைந்தது.

இத்தனை நேரம் சீக்கிரம் சீக்கிரம் என்று வேண்டியவள் இப்போது மெதுவாக, மெதுவாக என்று வேண்ட ஆரம்பித்தாள். கேட்கிறவர் கேட்கிறபடியெல்லாம் சாமி கொடுக்க வேண்டுமென்றால் அதற்கும் தலை சுற்றும். த்ரீ ஃபார்ட்டி சிக்ஸ் என்றார் சபாநாயகர். யாரும் எழவில்லை. அந்த உறுப்பினர் வரவில்லை. த்ரீ ஃபார்ட்டி செவன். அவரும் வரவில்லை! காலுறைக்கு அத்தனை பேர் இருந்தார்களே, ஐயா, இதற்கு ஒருத்தர் வரக் கூடாதா, வந்து எதையாவது கேளுங்களேன், மண்ணெண்ணெய் கேளுங்கள், கத்தரிக்காய் கேளுங்கள். த்ரீ ஃபார்ட்டி எய்ட். சொட்டைத் தலை எழுந்து ஏதோ சொல்லி உட்கார்ந்தது. மந்திரி எழுந்தார். ஒல்லியான மனிதர், கம்பளிக் கோட்டு, தெருமுனைத் தையல்காரர் மாதிரி மூக்கு நுனியில் கண்ணாடி. அதே நேரத்தில் கீழ்க் கதவு வழியாக ஒரு சிப்பந்தி கையில் வெள்ளைச் சீட்டோடு நுழைவதை அவள் பார்த்தாள். பச்சைக் கம்பளத்தில் சத்தமில்லாமல் வந்தார். வழியில் ஒருவர் கையைக் காட்டித் தண்ணீர் கேட்டார். சிப்பந்தி நின்றார். நிற்காதீங்க, அவருக்கு விக்கலா எடுக்கிறது, நிற்காதீங்க. மந்திரி பெயர்களைப் படித்தார். மாடசாமி. இன்னாசி. மற்ற இரண்டும் அவர் வாயில் நசுங்கிப் போயின. அப்புறம் சடாயம் என்றார், சடாயம், கண்ணாடிக்கு மேலே பார்த்து நோ என்றார். அந்த நோ தெரிந்தது. மாடத்துக் கூரை முழுக்க அது ஒன்றுதான் கேட்டது. சிப்பந்தி குனிந்து சீட்டை நீட்டினார்.

எம்.பி. ஐயா படித்தார். படித்துவிட்டுத் தலையைத் தூக்கி மேலே மாடத்தைப் பார்த்தார், முதல் தடவையாக அவளுக்கு அவர் முகம் தெரிந்தது. எழுந்தார். இங்கிலீஷில் வேகமாகப் பேசினார், நடுவில் ஒரே ஒரு தமிழ்ச் சொல், அட்சர சுத்தமாக: ஆபத்சகாயம். இத்தனை பேர் நடுவில். தையல்நாயகிக்கு உச்சி கூசியது. மந்திரி திரும்பி ஓரத்துத் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்த அதிகாரிகளைப் பார்த்தார். ஒருவர் காகிதக் கட்டைப் பிரித்தார், ஒன்று, இரண்டு, மூன்று தாள் புரட்டினார், நாலாவதில் விரல் நின்றது. கடிகாரத்து முள் பன்னிரண்டைத் தொட மூன்று கோடு. தாள் கை மாறி மந்திரியிடம் போனது. "அபாட் சஹாயம்" என்று ஆரம்பித்தார். மொழிபெயர்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை. சொற்கள் மேலே வந்து அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன, ஒன்றையாவது பிடிக்க வேண்டும், ஒன்றே ஒன்றை. ஹாஸ்பிடல். பிடித்துவிட்டாள். ஆனால் ஆஸ்பத்திரியில் என்ன, ஆஸ்பத்திரியில்தானே எல்லாம் நடக்கிறது. அடுத்தது: லெஃப்ட். லெஃப்ட் தெரியும், கன்டோன்மெண்டில் காலையில் லெஃப்ட் ரைட் லெஃப்ட் கேட்டுத்தான் பிள்ளை கண் விழிக்கும். லெஃப்ட் லெக். இடது கால். இடது காலில் ஏதோ. அவள் மறுபடி மறுபடி அதையே உருட்டினாள். இடது கால், இடது கால். செத்தவருக்கு எந்தக் கால் என்று யார் சொல்லப் போகிறார்கள்? இடதா வலதா என்று பார்த்துச் சொல்கிறார்கள் என்றால் அந்தக் கால் வலிக்கிறது, வலிக்கிறது என்றால் அவர் இருக்கிறார், கத்துகிறார், கறுத்த நகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். கீழே மேஜையைத் தட்டினார்கள். அவள் மார்பு இரண்டும் ஒரே நேரத்தில் சுரந்து ரவிக்கை நனைந்து சேலை நனைந்து வயிறு வரைக்கும் சூடாக இறங்கியது. அழக் கூடாது என்று அந்த வெள்ளை உடுப்புக்காரர் சொல்லவில்லை. அழுதாள்.

வெளியே வெயில் அப்படியொரு வெயில். கிட்டுசாமி அண்ணன் எம்.பி. ஐயாவிடம் கேட்டுக்கொண்டு வியர்த்துக் கொட்ட எதிரே ஓடி வந்தார், "முட்டிக்குக் கீழ எலும்பு முறிவுங்க, உசுருக்கு ஒண்ணுமில்லீங்க! ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருல மாட்டிக்கிட்டாராமுங்க, நாலு நாளைக்கு முன்னாலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாங்களாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "ஏனுங் அம்மணி, இனிமே உங்ககிட்ட ஆரு பேரு கேட்டாலும் ரெண்டு தரம் கேக்கோணும்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, முழுசாக வந்தது. ஜெபமணி அக்கா மடியில் பூங்கோதை வீறிட்டுக்கொண்டிருந்தது. வாங்கிச் சேலைக்குள் போட்டுக்கொண்டதும் கப்பென்று பிடித்தது. "ஏட்டி, என்னாச்சு, சொல்லித் தொலையேன்!" "இருக்காருக்கா. எடது கால்ல அடி." அக்கா இரண்டு கையையும் மேலே தூக்கி ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு இன்லண்டு கடிதத்தையும் பேனாவையும் எடுத்தாள். காலையிலேயே வாங்கி வைத்திருக்கிறாள், நல்ல சேதி வரும் என்று நம்பி. "மேல நான் எழுதிருதேன், உள்ள நீ எழுது. எப்பயும் போல." தையல்நாயகி பேனாவை வாங்கிக்கொண்டாள். "மேலயும் நானே எழுதிக்கிறேங்க்கா." அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிள்ளையின் முதுகுக்கு அந்தப் பக்கம் முழங்காலில் தாளை வைத்து ஆ எழுதினாள், ப எழுதினாள். அப்புறம் எந்த எழுத்துக்குப் புள்ளி என்று தெரியாமல் நின்றாள். அக்காவைக் கேட்கவில்லை. வாய்விட்டு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தாள், இன்னொரு தரமும் சொன்னாள், சொல்லிக்கொண்டே எழுதினாள்.